கார்செட்: உடம்புக்கு மேல் ஒரு 'குட்டி உடம்பு'

பழைய பிரெஞ்சில் உடலைக் குறித்த சொல்லோடு சிறுமை விகுதி சேர்ந்து பிறந்தது 'கார்செட்'. குட்டி உடம்பு என்று பொருள்; பெண்கள் மார்படி முதல் இடுப்புவரை இறுக்கி அணிந்த உள்ளாடை அது. மேலுடம்பு உடையைக் குறிக்கும் ஆங்கிலத்தின் 'பாடிஸ்' என்பதும் 'பாடி'யின் பன்மைதான். நம்மூர்த் துணிக்கடையில் தணிந்த குரலில் கேட்கும் 'பாடி'யும் அந்த வீட்டுப் பிள்ளையே.

கெட்டித் துணியின் மடிப்புகளுக்குள் பட்டைகளைச் செருகி, முதுகுப் பக்கம் நாடா கோத்து இறுக்குவார்கள். அந்தப் பட்டைக்குத் 'திமிங்கல எலும்பு' என்று பெயர். எலும்பே இல்லை அது! பல்லில்லாத திமிங்கலத்தின் வாயில் சீப்புப் போலத் தொங்கும் தகடு. நம் நகம் எதனால் ஆனதோ அதேதான். பிறகு எஃகுப் பட்டைகள் வந்தன.

1900 வாக்கில் ஐரோப்பியப் பெண்கள் அணிந்த கார்செட் மார்பை முன்னாலும் இடுப்பைப் பின்னாலும் தள்ளியது. 1906-ஐ ஒட்டி, பாரிஸ் ஆடை வடிவமைப்பாளர் பால் புவாரே கார்செட் வேண்டாத உடைகளைத் தைத்தார். பெண் விடுதலை என்றுதான் தோன்றும். ஆனால் அவரே கணுக்காலருகே குறுகி, எட்டி நடக்க விடாத பாவாடையையும் பரப்பினார். இடுப்பை அவிழ்த்துவிட்டுக் காலைக் கட்டிய கதை.

எனக்குப் பிடித்தது 1910-இல் நியூயார்க்கில் நடந்தது. மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளம்பெண் ஒரு நடன விருந்துக்குக் கிளம்புகிறார். மெல்லிய கவுனைத் துருத்திக்கொண்டு கார்செட் பட்டை தெரிகிறது. பணிப்பெண்ணின் உதவியோடு இரண்டு பட்டுக் கைக்குட்டைகளையும் ரிப்பனையும் சேர்த்துத் தைத்துப் போட்டுக்கொண்டார். இன்றைய பிராவின் முன்னோடியான அதற்கு 1914-இல் காப்புரிமையும் கிடைத்தது. அந்த உரிமையை அவரிடம் வாங்கியது ஒரு கார்செட் நிறுவனம்! 1920-களில் இடுப்பே தெரியாத நேர் கவுன்கள் வந்தபோதும் பலர் உள்ளே ரப்பர் பட்டை போட்டுத்தான் உடம்பை ஒடுக்கினார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மார்க்கச்சு' பொருந்தாது, அது பிராவுக்கு உரியது. 'கச்சு' மட்டும் போதுமா என்றால், அது பெண்ணுடை மட்டுமல்ல. திருமுருகாற்றுப்படை முருகனையே 'கச்சினன் கழலினன்' என்கிறது. வேலையில் முனைந்து இறங்குவதைக் 'கச்சை கட்டிக்கொண்டு' என்று இன்றும் சொல்கிறோம். ஆங்கிலத்திலோ நாடாவை இறுக்கிக் கட்டியவர் என்றால் ஒழுக்கத்தில் கெடுபிடியானவர். ஆகவே 'இடைக்கச்சு' என்பேன். மார்படி முதல் இடுப்புவரை பிடிப்பதை முழுதாகச் சொல்லவில்லைதான்; இருந்தாலும் முதல் முறை அப்படி எழுதிவிட்டு, அப்புறம் கார்செட் என்றே தொடர்வதில் தவறில்லை.

முதுகுவலிக்கு மருத்துவர் எழுதித் தரும் 'லம்பர் கார்செட்' இதன் உறவுதான். மருந்துக்கடையில் 'இடுப்பு பெல்ட்' என்று கேளுங்கள், எடுத்துத் தருவார்கள். தடவிப் பார்த்தால் உள்ளே பட்டைகள் தட்டுப்படும். நாடா இருந்த இடத்தில் வெல்க்ரோ.