ஆறு விளக்கு, ஆறு இருக்கை: ஒரு கார் ஏன் அசிங்கமாகத் தெரிகிறது?

"முன்பக்கத்தைப் பார்க்கும்வரை பொறுங்கள்!" ஃபியட் மல்டிப்லா பிரிட்டனில் விற்பனைக்கு வந்த சமயத்தில் அதன் பின் கண்ணாடியில் இப்படி ஒரு ஸ்டிக்கர் இருந்தது. ஒட்டியவர்கள் ஃபியட்காரர்களேதான். தங்கள் கார் பார்ப்பவரை என்ன செய்யும் என்று அவர்களுக்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

1998-இல் இத்தாலியில் வெளிவந்த கார் அது. உலகத்தின் அசிங்கமான கார்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் முதல் சில இடங்களுக்குள் வந்துவிடும். அதே காரை 1999-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அடுத்த நூற்றாண்டின் கார்களைப் பற்றிய கண்காட்சியில் கொண்டுபோய் வைத்தது. எனக்கு இந்தக் காரை ரொம்பப் பிடிக்கும். அதற்கான காரணத்துக்குப் போகும் முன், ஒரு காரைப் பார்த்த கணத்தில் நம் தலைக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம்.

மனித மூளையின் அடிப்புறத்தில், காதுக்குச் சற்றுப் பின்னால், முகத்தைக் கண்டதும் சுறுசுறுப்பாகிற ஒரு சிறு பகுதி இருக்கிறது. 1997-இல் மூளை ஆய்வாளர் நான்சி கான்விஷரும் அவருடைய குழுவினரும் மூளை ஸ்கேன் மூலம் அதை விளக்கமாகக் காட்டினார்கள். முகம் என்று அடையாளம் காண மூளைக்கு ஏறக்குறைய 170 மில்லிநொடி போதும், அதாவது நொடியில் ஆறில் ஒரு பங்கு. அந்த அவசரத்தில் அது கொஞ்சம் தாராளமாகவே நடந்துகொள்கிறது. மேலே இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு இருந்தால் போதும், முகம் என்று முடிவு கட்டிவிடும். சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட், மேகம், தேங்காயின் மூன்று கண் எல்லாம் நமக்கு முகமாகத் தெரிவது இதனால்தான். நம் ஊரில் லாரி முகப்பில் கண்ணும் கோரைப்பல்லும் வரைகிறவர் யாரிடமும் பாடம் கேட்டு அதை வரையவில்லை. வண்டிக்கு முகம் ஏற்கெனவே இருக்கிறது; அவர் அதற்கு மையிடுகிறார்.

வியன்னா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோன்யா விண்ட்ஹாகரும் அவருடைய சகாக்களும் 2008-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் 40 பேரிடம் 38 கார்களின் முன்பக்கத்தைக் காட்டி, இது குழந்தையா பெரியவரா, ஆணா பெண்ணா, கோபமா சாந்தமா என்றெல்லாம் கேட்டார்கள். பதில்கள் பெரும்பாலும் ஒத்துப்போயின. அகலமாகவும் தாழ்வாகவும் இருந்து, ஹெட்லைட் குறுகிச் சாய்ந்திருந்தால் வளர்ந்த, ஆதிக்கமான ஆண் முகம். முன் கண்ணாடி உயர்ந்து, விளக்குகள் பெரிதாக இருந்தால் குழந்தை முகம். கார் விளம்பரங்களைப் பார்த்துப் பழகியதால் வந்த எண்ணமாக இருக்கலாமே என்ற சந்தேகம் வரும் அல்லவா? பிற்பாடு எத்தியோப்பியாவிலும் கேட்டுப் பார்த்தார்கள். அங்கேயும் பதில்கள் ஏறக்குறைய அதே திசையில்தான் இருந்தன.

இப்போது மல்டிப்லாவின் முன்னால் வந்து நில்லுங்கள். பம்பரில் இரண்டு விளக்கு. அதற்கு மேல், வழக்கமான இடத்தில் இரண்டு ஹெட்லைட். முன் கண்ணாடிக்குச் சற்றுக் கீழே, புருவம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு புடைப்பு, அதில் இன்னும் இரண்டு விளக்கு. மொத்தம் மூன்று ஜோடி. முகத்தைத் தேடும் மூளைக்கு எந்த ஜோடியைக் கண் என்று எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. முகம் போலவும் இருக்கிறது, முகமாகவும் அமையவில்லை. இந்தத் தடுமாற்றத்தைத்தான் நம் வாய் "அசிங்கம்" என்று சொல்கிறது என்பது என் எண்ணம். முகமே இல்லாத ஒரு பீரோவை யாரும் இவ்வளவு வெறுப்பதில்லை.

சரி, அந்தப் புடைப்பு எதற்கு?

ஆறு பேர் போகிற கார் வேண்டும் என்றால் வழக்கமான வழி, இரண்டிரண்டு பேராக மூன்று வரிசை போடுவது. ஃபியட்டே 1956-இல் 600 மல்டிப்லா என்ற குட்டி வண்டியில் அப்படித்தான் செய்தது. மூன்று வரிசை என்றால் கார் நீளும், அல்லது கடைசி வரிசைக்காரர் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்காரவேண்டும், பெட்டி வைக்க இடமும் இருக்காது. 1998 மல்டிப்லா இந்தக் கணக்கையே திருப்பிப் போட்டது. முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர். நீளம் 4 மீட்டருக்குச் சற்றே குறைவு. அகலம் மட்டும் 1.87 மீட்டர். பின்னால் பெட்டிகளுக்கும் தாராளமான இடம்.

மூன்று பேர் அருகருகே உட்கார்ந்தால் இடிப்பது தோள்தான். அதனால் காரில் அதிக அகலம் தேவைப்படும் உயரம் தோள் உயரம். மற்ற கார்களில் ஜன்னல் தொடங்கும் இடத்திலிருந்து மேலே பக்கங்கள் உள்நோக்கிச் சாயும். நம் கண் அதைத்தான் நேர்த்தி என்று பழகியிருக்கிறது. மல்டிப்லாவில் பக்கக் கண்ணாடிகள் கிட்டத்தட்ட நேராக நிற்கின்றன. நடுவில் உட்காருகிறவரின் காலுக்கு இடம் வேண்டும், அதனால் கியர் தரையிலிருந்து டேஷ்போர்டுக்கு ஏறிவிட்டது. முன்னால் இருப்பதோ தாழ்வான, குட்டையான பானட். ஓட்டுநருக்குச் சாலை நன்றாகத் தெரிய அது உதவுகிறது. ஆக, அகலமான கண்ணாடிப் பெட்டி ஒன்று தாழ்ந்த மூக்கு ஒன்றோடு வந்து சேருகிறது. சேரும் இடத்தில் ஒரு படி விழுகிறது.

வேறு யாராக இருந்தாலும் அந்தப் படியை ஒரு சாய்கோட்டால் மறைத்திருப்பார்கள். வடிவமைப்பாளர் ரொபெர்த்தோ ஜோலிட்டோ அதை அப்படியே விட்டு, அங்கேயே ஹைபீம் விளக்கையும் வைத்தார். உள்ளே இருக்கும் உண்மையை வெளியே சொல்லும் கார் அது. 2007-இல் உலகமே கொஞ்சித் தீர்த்த புதிய ஃபியட் 500 இருக்கிறதே, அதை வரைந்ததும் இதே ஜோலிட்டோதான். உருண்டை விளக்கு, குண்டு உடம்பு, சின்ன மூக்கு. குழந்தை முகத்தின் இந்த அளவுகள் நம்மை இளகச் செய்கின்றன என்று விலங்கு நடத்தை ஆய்வாளர் கொன்ராட் லோரன்ஸ் 1943-இலேயே எழுதியிருக்கிறார். அழகாக வரையத் தெரியாததால் மல்டிப்லா அப்படி வந்தது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு கார்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும்.

2004-இல் ஃபியட் அந்தப் புடைப்பை எடுத்துவிட்டுச் சாதாரண முகம் ஒன்றை மாட்டியது. உள்ளே அதே ஆறு இருக்கை. எனக்கு அந்த மாற்றம் இன்றும் வருத்தம்தான்.

எல்லா அசிங்கமும் இந்த வகை என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவில் 2001 மாடலாக வந்த பொன்டியாக் ஆஸ்டெக்கின் கதை வேறு. கார் வரைகிறவர்கள் சக்கரத்தை வைத்தே மற்ற எல்லாவற்றையும் அளப்பார்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இன்னும் ஏறக்குறைய மூன்று சக்கரம் அடங்கவேண்டும், உயரம் இரண்டு சக்கரத்தை ஒட்டி இருக்கவேண்டும் என்பது போன்ற கணக்குகள் உண்டு. சக்கரம் சிறுத்து உடம்பு உயர்ந்தால், மெலிந்த காலில் கனத்த உடல் நிற்பது போல ஒரு சங்கடம் வரும். ஆஸ்டெக் சாகசப் பயணத்துக்கான வண்டியாக வரையப்பட்டது. செலவைக் குறைக்க அதைக் குடும்ப மினிவேனின் அடித்தளத்தின் மீது ஏற்றினார்கள். தரை உயரம், முன் கண்ணாடி தொடங்கும் இடம், சக்கரங்களுக்கு இடையிலான அகலம் எல்லாம் மினிவேன் ஏற்கெனவே தீர்மானித்துவிட்டவை. அதன் மேல் வேறு ஒரு வண்டியின் வடிவத்தை இழுத்துப் போர்த்தினால் என்ன ஆகும்? உயர்ந்த உடல், சின்னச் சக்கரம், கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிற பிளாஸ்டிக், மேலும் கீழுமாகப் பிரிந்த விளக்குகள். ஆண்டுக்கு 75,000 விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். மிக நல்ல ஆண்டில்கூட 28,000-ஐத் தொடவில்லை. 2005-இல் முடிந்தது. பின்னால் கூடாரம் மாட்டிக்கொண்டு தூங்கலாம், முன் இருக்கைகளுக்கு நடுவே கழற்றி எடுக்கும் ஐஸ் பெட்டி என்று உள்ளே நல்ல யோசனைகள் நிறையவே இருந்தன. மல்டிப்லாவின் எந்தக் கோணலைக் காட்டிக் கேட்டாலும் ஒரு பதில் உண்டு. ஆஸ்டெக்கின் கோணலைக் காட்டிக் கேட்டால் கணக்குப் புத்தகத்தைத்தான் காட்டவேண்டியிருக்கும்.

ஆனால் ஒன்று. மேலே மெல்லிய விளக்கு, கீழே பம்பர் பக்கம் ஹெட்லைட் என்ற அந்தப் பிரிந்த முகம் இப்போது நம் தெருவிலேயே ஓடுகிறது. ஹூண்டாய் வென்யூவைப் பாருங்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. பழக்கத்தின் வேலை இது. அர்த்தமில்லாத சொற்களையும் புரியாத எழுத்துகளையும் திரும்பத் திரும்பக் காட்டினாலே மக்களுக்கு அவற்றின் மீது பிடிப்பு வந்துவிடுகிறது என்று உளவியலாளர் ராபர்ட் ஸாயன்ஸ் 1968-இல் காட்டினார். கிளவுஸ்-கிறிஸ்டியான் கார்பன், ஹெல்முட் லெடர் என்ற இருவர் 2005-இல் இதைக் காரின் உட்புறத்தை வைத்துச் சோதித்தார்கள். முதல் பார்வையில் புதுமையான வடிவங்களுக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைத்தது. அந்த வடிவங்களைக் கவனித்துப் பல கோணங்களில் மதிப்பிடச் சொன்ன பிறகு மறுபடி கேட்டபோது, அவற்றுக்கு மதிப்பெண் ஏறியிருந்தது. கார் கடையில் நாம் செலவழிப்பதோ அந்த முதல் பார்வையை மட்டும்தான்.

இந்த முதல் பார்வையில் அடிபட்ட காருக்கு மிகப் பெரிய உதாரணம் 1934-இல் வந்த கிரைஸ்லர் ஏர்ஃப்ளோ. அதன் பொறியாளர் கார்ல் பிரீரும் குழுவினரும், விமானம் கண்டுபிடித்த ஆர்வில் ரைட்டின் ஆலோசனையோடு, காற்றை வேகமாக வீசிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் அமைத்துக் கார் மாதிரிகளைச் சோதித்தார்கள். அப்போதைய கார்கள் முன்னோக்கிப் போவதைவிடப் பின்னோக்கிப் போனால் காற்றைச் சுலபமாகக் கிழிக்கும் என்று தெரியவந்தது! செங்குத்தான ரேடியேட்டரும் முன் கண்ணாடியும் காற்றைச் சுவர் போல மோதின. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும், அதை வெல்ல இன்ஜின் தரவேண்டிய திறனோ எட்டு மடங்கு. அதனால் முகத்தை உருட்டினார்கள். தனியாகத் துருத்தி நின்ற விளக்குகளை உடம்புக்குள் பதித்தார்கள். இன்ஜினை முன் அச்சுக்கு மேலே நகர்த்தினார்கள். பின் இருக்கை பின் அச்சிலிருந்து முன்னே வந்தது, குலுக்கல் குறைந்தது.

வாங்க வந்தவர்கள் பார்த்ததெல்லாம் மூக்கு இல்லாத முகத்தைத்தான். கார் என்றால் நிமிர்ந்த ரேடியேட்டரும் இருபுறம் இரண்டு விளக்குக் கிண்ணமும் என்று பழகிய கண்கள் அவை. உற்பத்தியில் தாமதமும் ஆரம்பக் கோளாறுகளும் சேர்ந்துகொண்டன. 1935-இலேயே கிரைஸ்லர் அதற்குக் கூர்மையான கிரில் ஒன்றைப் பொருத்தியது, கூடவே வழக்கமான முகத்தோடு ஏர்ஸ்ட்ரீம் என்ற வேறு காரையும் விற்றது. 1937-இல் ஏர்ஃப்ளோ நின்றுபோனது.

அதற்கு ஓராண்டு முன்பு, 1936-இல், ஜப்பானில் நெசவுத் தறி செய்துகொண்டிருந்த டொயோடா நிறுவனம் ஏஏ என்ற தன் முதல் பயணிகள் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் உடல் வடிவத்துக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, அமெரிக்காவில் யாரும் வாங்க விரும்பாத அந்த ஏர்ஃப்ளோ.