ரிவெட்டைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம்

உப்புவெளியிலிருந்து திருகோணமலை நகருக்குத் தினமும் போய்வரும் என் மோட்டார் சைக்கிளில் இப்போது தொங்குவது இரண்டாவது தோல் பை. முதலாவது இரண்டு மாரிதான் தாங்கியது. முதல் மாரி முடிந்தபோது, வாரைப் பையோடு இணைக்கும் ஒவ்வொரு ரிவெட் ஆணியைச் சுற்றியும் காசளவில் கறுப்பு வளையம். அடுத்த மாரியில் அந்த இடத்துத் தோல் வெடித்து, வார் கையோடு வந்துவிட்டது.

தோல் நல்ல தோல்தான், பிழை இரும்பில் இருந்தது. மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் முழுக்க டனின் ஊறியிருக்கும். பாக்கிலும் கடுக்காயிலும் நாக்கை இழுக்கும் துவர்ப்பு அதுதான். ஈரத்தோடு இரும்பு அதைத் தொட்டால் கருநீல மை பிறக்கும். கலங்காரி வேலைக்காரர் கடுக்காயில் ஊறிய துணியில் இரும்புக் கரைசலைத் தொட்டுக் கறுப்புக் கோடு போடுவதும் இதே வேதியியல்தான். துணியில் அது அழகு. தோலிலோ இரும்பு அதோடு நிற்பதில்லை, நார்களை ஒட்சிசன் அரிப்பதையும் வேகப்படுத்துகிறது.

நம்மூரில் இதற்கு மழைகூடத் தேவையில்லை. காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால், கறியுப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடற்கரை வீதியில் ஓடும் பையில் உப்பு படியாமல் இராது. பகலில் காய்ந்த பை இரவில் தானாகவே நசநசக்கும். ரிவெட்டின் நிக்கல் முலாமில் ஊசிமுனையளவு துளை இருந்தாலும் உப்புநீர் அதற்குள் இறங்கி அடியிலுள்ள இரும்பைத் தின்றுவிடும்.

ஆகவே பை வாங்கும்போது, வாரை மாட்டும் பக்கிளையும் ரிவெட்டையும்தான் முதலில் பார்ப்பேன். சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒட்டினால் பெரும்பாலும் முலாம் பூசிய இரும்பு, வேண்டாம். ஒட்டாவிட்டாலும் உடனே நம்பக்கூடாது. துத்தநாகக் கலவை வார்ப்பும் ஒட்டாது, ஆனால் அது பட்டென்று முறியும். கடைக்காரரிடம் கேட்டுப் பின்பக்கத்தில் மெல்லக் கீறிப் பாருங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை. அது பச்சை பிடிக்கும், ஆனால் நிற்கும்.

அப்புறம் தோல். அதன் மேற்பரப்பைவிட வெட்டிய ஓரம்தான் உண்மையைச் சொல்லும். மாட்டுத்தோல் என்பது கொலாஜன் நார்களின் பின்னல். மேற்பகுதியில் நார் மெல்லிசு, நெருக்கமான பின்னல். கீழே போகப்போகத் தடித்து இளகும். தடித்த தோலைக் கிடையாகப் பிளந்து, அடிப்பாதிக்குப் பிளாஸ்டிக் பூச்சுப் போட்டு விற்பதும் உண்டு. அதுவும் தோல்தான், ஆனால் நெருக்கமாகப் பின்னிய மேற்பாதி அதில் இல்லை. ஓரத்தில் பூச்சு தனிப் படலமாகத் தெரிந்தால், அல்லது தோலை மடிக்கும்போது நுண்ணிய சுருக்கம் விழாமல் றெக்சீன் போல மடிந்தால் சந்தேகப்படுங்கள். ஓரத்தின் நடுவில் நீலச்சாம்பல் தெரிந்தால் குரோமியத்தில் பதனிட்டது. முழுக்கத் தவிட்டு நிறமாக இருந்தால் பெரும்பாலும் பட்டைச் சாற்றில் பதனிட்டது. குரோம் தோல் மெத்தென்றிருக்கும், ஈரத்தையும் சூட்டையும் கூடத் தாங்கும். ஆனால் பாரம் ஏற்றினால் தொய்ந்து சில்லுப் பக்கம் சாயும். பக்கப் பைக்கு நான் தேர்வது பட்டைத் தோல், 3 மில்லிமீற்றருக்குக் குறையாமல்.

கைத்தையலுக்கு ஏன் கூடுதல் காசு என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் தோலுக்குள் கொக்கி போல மாட்டி நிற்கும். ஓரிடத்தில் தேய்ந்து அறுந்தால் பக்கத்துத் தையல்களும் இளகத் தொடங்கும். கைத்தையலில் ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி. ஒவ்வொரு துளையிலும் இரண்டும் எதிரெதிராகக் கடக்கும். ஒரு தையல் அறுந்தாலும் மற்ற நூல் அந்தத் துளைகளில் இறுகியே இருக்கும். ஆனால் துளைகள் மிக நெருங்கியிருந்தால் தபால் முத்திரையின் ஓரம்போல அந்த வரியிலேயே தோல் கிழியும். நூல் பருத்தியாக இருந்தால் ஈரத்தில் உக்கிவிடும். மெழுகிட்ட பொலியெஸ்டர் நூல் நல்லது.

கடைசியாக, சைலன்சர். பச்சைத்தோலின் கொலாஜன் நீரில் 60 பாகை செல்சியஸைத் தாண்டும்போது சுருங்கும். திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுகளில்கூட அந்தச் சூடு கிடையாது. பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் 70 முதல் 85 வரை தாங்கும். சைலன்சரோ சில நிமிட ஓட்டத்திலேயே அதைத் தாண்டிவிடும். நனைந்த பை அதில் உரசினால் அந்த இடம் சுருங்கி மரக்கட்டை ஆகிவிடும், பிறகு எந்த எண்ணெயும் அதை மீட்காது. வாங்கும் முன் பையை வண்டியில் மாட்டி, இரண்டுக்கும் நடுவே கை நுழைகிறதா என்று பாருங்கள்.

மழையில் நனைந்த நாட்களில் நான் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் உப்பைத் துடைத்துவிட்டு, பையை விறாந்தை நிழலில் வாய் திறந்தபடி தொங்கவிடுகிறேன். பொலித்தீனில் சுற்றி வைத்தால் நாலைந்து நாளில் பூஞ்சணம். லேசான ஈரம் இருக்கும்போதே கொஞ்சம் எண்ணெய் தடவுவேன், முக்கியமாக ரிவெட்டைச் சுற்றி.