பொழுது சாய்ந்தது தெரியாத விளம்பரத் திரைகள்

"இப்ப சோப்பு. இப்ப பேங்க். அடுத்து வரப்போறது கார், பாருங்க."

ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. எதிர்ச் சுவரில் விழும் நிறத்தை வைத்தே, சாலைக்கு அந்தப் பக்கத் திரையில் என்ன ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை. திரை வைத்து நான்கு மாதம்தான், எல்லாம் மனப்பாடம். அப்போது இரவு மணி 11.

விளம்பரப் பலகைகளுக்கு விளக்கு அமைத்துக் கொடுப்பதும், புகார் வந்தால் போய் அளந்து சொல்வதும் என் தொழில். ஓரிடத்தில் விழும் வெளிச்சத்தின் அளவு லக்ஸ். அதை அளக்கும் லக்ஸ் மீட்டரை அன்று ஜன்னலோரம் பிடித்தபோது, வெள்ளைப் பின்னணியுள்ள விளம்பரம் வந்த ஒவ்வொரு தடவையும் 30-ஐத் தாண்டியது. முழுநிலவின் வெளிச்சமே கால் லக்ஸ் அளவுதான். வீட்டு ஜன்னலில் விழும் வேண்டாத வெளிச்சத்துக்குச் விளக்கொளிக்கான சர்வதேச அமைப்பான சிஐஇ ஒரு வழிகாட்டி வைத்திருக்கிறது. அதன்படி நகர மையத்தில்கூட 25 லக்ஸ் வரைதான் போகலாம். இரவு அடங்கும் நேரத்துக்குப் பிறகு அதுவும் 5. புறநகர் என்றால் 10, பிறகு 2.

திரை நடத்துகிறவரின் ஆள் ஒளிவுமறைவில்லாமல்தான் பேசினார். "சென்சார் போட்டிருக்கோம் சார். இருட்டினா தானா டிம் ஆயிடும்." சென்சார் இருந்தது உண்மைதான். திரையின் மேல்விளிம்பில், கட்டைவிரல் அளவுக்கு. திரை வந்த பிறகு பக்கத்தில் மாற்றிய தெருவிளக்கு ஒன்று, ஐந்தடி தள்ளி நின்று, வெள்ளை வெளேரென்று அதன் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சென்சாருக்கு அது மேகம் மூடிய பகல். பின்பக்க நடைமேடையில் ஏறிக் கையால் அதை மூடியதும், அரை நிமிடத்தில் திரை படிப்படியாக அடங்கியது. ஜன்னலில் மூன்றரை லக்ஸ்.

பகலில் இந்தத் திரைகள் ஏன் அவ்வளவு பிரகாசமாக இருக்க வேண்டியிருக்கிறது என்றால், அவை வெயிலோடு போட்டி போடுகின்றன. விழும் வெளிச்சத்துக்கு லக்ஸ் என்றால், ஒரு பரப்பு கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாகத் தெரிகிறது என்பதற்கு அளவு நிட். உச்சி வெயிலில் ஒரு வெள்ளைத் தாளே ஏறக்குறைய 25,000 நிட் பிரகாசத்தில் இருக்கும். அதனால் வெளிப்புற எல்இடி திரைகளை 5,000, 7,000 நிட் தரும்படி செய்கிறார்கள். பல நகர விதிகள் இரவுக்கு வைத்திருக்கும் வரம்போ 300 நிட் வாக்கில். அதாவது பகலில் இருப்பதில் இருபதில் ஒரு பங்குக்குத் திரை இறங்கியாக வேண்டும். அந்த இறக்கம் முழுக்கக் கட்டைவிரல் அளவுச் சென்சார் ஒன்றை நம்பி இருக்கிறது. அதன் கம்பி அறுந்தால், திரையை இயக்கும் கன்ட்ரோலர்களில் சில கடைசியாக இருந்த அளவிலேயே நிற்கும், சில முழு வெளிச்சத்துக்குத் தாவும். விதி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில்தான் கறாராக இருக்க வேண்டும் என்பேன்: சென்சார் பழுதானால் திரை இரவு அளவுக்குத் தானாக இறங்க வேண்டும், சென்சாரோடு கடிகார அட்டவணை ஒன்றும் ஓட வேண்டும், இரண்டில் எது குறைவோ அது செல்லும்.

அடுத்தது அளக்கும் முறை. "300 நிட்டுக்கு மேல் போகக்கூடாது" என்று மட்டும் எழுதிவைத்தால் அதற்கு அர்த்தமில்லை. ஆய்வுக்கு ஆள் வந்த நேரத்தில் கறுப்புப் பின்னணியில் ஒரு வாட்ச் விளம்பரம் ஓடினால் எந்தத் திரையும் பாஸ்தான். பத்து நிமிடம் கழித்து வெள்ளைப் பின்னணியில் பால்பாக்கெட் வரும்போது மீட்டரும் இருக்காது, ஆளும் இருக்கமாட்டார். திரை முழுவதும் வெள்ளையாக வைத்து ஒரு தடவை, அணைத்து ஒரு தடவை அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எடுக்க வேண்டும். ஆய்வு நாளன்று மட்டும் டிம் பண்ணிவிட்டு மறுநாள் ஏற்றுவதும் நடக்கிறது, எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ரகசியம். கன்ட்ரோலரில் தானாகப் பதிவாகும் வெளிச்சக் கணக்கை, அதாவது லாகை, மாதக்கணக்கில் வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அந்த விளையாட்டு நின்றுவிடும்.

அமெரிக்க நகரங்கள் பலவற்றில் வேறொரு கணக்கு உண்டு. திரையின் பரப்பைச் சதுர அடியில் எடுத்து, நூறால் பெருக்கி, வர்க்கமூலம் காண வேண்டும். அத்தனை அடி தள்ளி நின்று அளந்தால், திரையால் கூடும் வெளிச்சம் 0.3 ஃபுட்கேண்டிலுக்கு, அதாவது சுமார் 3.2 லக்ஸுக்கு, மேல் போகக்கூடாது. 14-க்கு 48 அடிப் பலகை என்றால் 672 சதுர அடி, நிற்க வேண்டிய தூரம் 259 அடி. முதலில் பார்த்தபோது இதென்ன வினோதம் என்று நினைத்தேன். காகிதத்தில் போட்டுப் பார்த்தால், திரை சின்னதோ பெரிதோ, முழு வெள்ளையில் அது 320 நிட் வாக்கில்தான் வந்து நிற்கிறது. விலை உயர்ந்த நிட் மீட்டர் இல்லாமல் சாதாரண லக்ஸ் மீட்டரை வைத்தே வேலையை முடிக்கும் கெட்டிக்காரத்தனம்.

ஆனால் இந்தக் கணக்கு வீட்டைப் பார்ப்பதில்லை. 20-க்கு 10 அடித் திரை ஒன்று 320 நிட்டில் சட்டப்படிதான் எரிகிறது என்று வையுங்கள். நேர் எதிரே 50 அடியில் ஒரு படுக்கையறை இருந்தால், வெள்ளை விளம்பரம் வரும்போது அந்த ஜன்னலில் சுமார் 25 லக்ஸ் விழும். திரை மேல் தப்பில்லை, தூங்க முடியாதவர் மேலும் தப்பில்லை. ஆகவே திரைக்கு ஒரு வரம்பு, ஜன்னலுக்கு ஒரு வரம்பு என இரண்டும் விதியில் இருந்தாக வேண்டும்.

விளம்பரம் மாறும் வேகத்துக்கும் இதே கதைதான். அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2007-இல், ஒரு விளம்பரம் 4 முதல் 10 நொடி நிற்கலாம் என்று சொல்லி, 8 நொடியைப் பரிந்துரைத்தது. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 8 நொடியில் 130 மீட்டருக்கு மேல் போய்விடும். திரை 400 மீட்டருக்கு முன்பிருந்தே தெரிந்தால், ஓட்டுகிறவர் கண்ணில் மூன்று விளம்பரம் படும். ஒன்று மாறியதைப் பார்த்தவர் அடுத்தது என்ன என்று காத்திருப்பார், மனித சுபாவம். தெரியும் தூரத்தைக் கணக்கில் எடுக்காமல் நொடியை மட்டும் எழுதுவது பாதி விதி. சிக்னலுக்கு நேர் பின்னால் திரை வைக்க அனுமதிப்பதை நான் எங்கேயும் ஆதரித்ததில்லை. சிவப்புப் பின்னணியில் சிவப்பு விளக்கைத் தேடச் சொல்வது நியாயமா?

பழைய ஃபிளெக்ஸ் பலகைகளுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. விளக்கைக் கீழே வைத்து மேல்நோக்கி அடிக்காதீர்கள். கணிசமான வெளிச்சம் பலகையைத் தாண்டி வானத்துக்குப் போகிறது, மின்கட்டணமும் கூடவே.

பிரேசிலின் சாவோ பாவ்லோ 2007-இல் வெளிப்புற விளம்பரப் பலகைகளையே ஒழித்துக்கட்டியது. எல்லா ஊருக்கும் அது சரிப்படுமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு, என் பிழைப்பும் அதில் இருக்கிறது என்பதை மறைக்கவில்லை. எனக்குப் பிடித்தது பிரான்சின் வழி. ஒளிரும் விளம்பரங்கள் நள்ளிரவு 1 மணி முதல் காலை 6 வரை அணைந்திருக்க வேண்டும். 2022-இல் அதை நாடு முழுக்க ஒரே மாதிரி ஆக்கினார்கள், விமான நிலையம் போன்ற சில விலக்குகளோடு. எரிகிறதா இல்லையா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை, கண் போதும்.

உங்கள் வீட்டில் இந்தத் தொல்லை இருந்தால் மொபைலில் வீடியோ எடுத்து அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் தக்கபடி கேமரா தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். சாதுவான திரை பயங்கரமாகத் தெரியும், பயங்கரமானது சாதுவாகத் தெரியும். லக்ஸ் ஆப்புகளும் அப்படித்தான். தேதி, நேரம், எந்த விளம்பரம் வரும்போது மோசம், திரைக்கும் ஜன்னலுக்கும் தோராயத் தூரம் ஆகியவற்றை எழுதுங்கள். பலகையின் ஓரத்தில் அனுமதி எண் இருந்தால் அதையும் சேருங்கள். முழு வெள்ளையில் வைத்து, இரவில், உங்கள் ஜன்னலில் அளக்க வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். பகல் 3 மணிக்கு ஆள் அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.