பூனைக்கு வீட்டில் சமைப்பவர்களின் கவனத்திற்கு

சென்ற வாரமும் நடக்க முடியாத ஒரு பூனைக்குட்டியைச் சிகிச்சைக்காக என்னிடம் கொண்டுவந்தார்கள். ஐந்து மாதம் இருக்கும். கட்டிலிலிருந்து குதித்ததிலிருந்து பின்னங்கால்களை ஊன்ற முடியாமல் இழுத்துக்கொண்டு நகர்கிறது என்றார்கள். எக்ஸ்ரே படத்தில் தொடை எலும்பு மடிந்து முறிந்திருந்தது. அதைவிடக் கவலை தந்தது எலும்புகளின் நிறம்தான். சுற்றியுள்ள தசைக்கும் எலும்புக்கும் வேறுபாடு காண முடியாத அளவுக்கு அவை மங்கிக் கிடந்தன. என்ன உணவு கொடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "பாக்கெட் தீனியே குடுக்கறதில்ல டாக்டர், தினமும் எலும்பில்லாம நெஞ்சுக்கறியா வாங்கி, அவிச்சு, நானே பிச்சுப் போட்டு ஊட்டுறேன்" என்றார் அந்த அம்மா, கண்ணீரோடு. அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. குட்டியின் எலும்பு முறிந்ததற்குக் காரணமும் அந்த நெஞ்சுக்கறியேதான்.

மதுரையில் பூனை வளர்ப்போர் பெருகியிருக்கிறார்கள். வீட்டைவிட்டு வெளியே விடாமல், கொசுவலை அடித்த பால்கனியோடு அவற்றின் உலகத்தை முடித்துவிடுகிறவர்களும் பெருகியிருக்கிறார்கள். வீட்டில் சமைத்த உணவுதான் நல்லது என்ற நம்பிக்கையும் கூடவே வளர்ந்திருக்கிறது. வீட்டு உணவுக்கு நான் எதிரியல்ல. அரைகுறையான வீட்டு உணவுக்குத்தான் எதிரி. அதனால் நோயுற்ற பூனைகளை வாரந்தோறும் பார்த்துப் பார்த்து மனம் வெறுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

பூனை அசைவப் பிராணி, ஆகவே கறி போட்டால் போதும் என்று நினைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. பூனை கறி தின்னும் பிராணியல்ல. இரையை முழுதாகத் தின்னும் பிராணி. ஓர் எலியைப் பிடித்தால் அதன் தசையை மட்டும் உரித்தெடுத்துத் தின்பதில்லை. எலும்பு, ஈரல், இதயம், மூளை, இரத்தம், குடல் என்று ஏறக்குறைய எல்லாமே உள்ளே போகின்றன. தசையில் புரதம் இருக்கிறது. எலும்பில் கால்சியம் இருக்கிறது. ஈரலில் வைட்டமின் ஏ இருக்கிறது. இதயத்தில் டாரின் என்ற சத்து இருக்கிறது. நாம் கசாப்புக் கடையில் நின்று, எலும்பை நீக்கி, தோலை நீக்கி, ஈரல் வேண்டாம் என்று சொல்லி, சுத்தமாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கும்போது, பூனைக்குத் தேவையான பாதிப் பொருள்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வருகிறோம்.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் கோழி நெஞ்சுக்கறியில் பாஸ்பரஸ் ஏறத்தாழ 200 மில்லிகிராம் இருக்கும். கால்சியம் 10 மில்லிகிராமை ஒட்டித்தான் இருக்கும். பூனையின் உணவில் இவை இரண்டும் ஏறக்குறையச் சமமாக, கால்சியம் சற்றே கூடுதலாக இருக்க வேண்டும். இரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடல் அதைச் சும்மா விட்டுவிடாது. இதயமும் நரம்புகளும் இயங்க அது வேண்டுமென்பதால், எலும்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். வளரும் குட்டியில் இந்தச் சுரண்டல் சில வாரங்களிலேயே எலும்பை மென்மையாக்கிவிடும். தினமும் எவ்வளவு கறி தின்றது என்பது இங்கே பொருட்டேயல்ல. கறியைக் கூட்டினால் பாஸ்பரஸும் சேர்ந்துதான் கூடும். கொழுகொழுவென்று வளர்ந்த குட்டிக்கும் இது வருகிறது. சோற்றையும் காரட்டையும் சேர்த்துவிட்டேனே என்பார்கள். அவற்றாலும் இந்தக் குறை தீராது.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும். ஊரில் எங்கள் ஆச்சி வளர்த்த பூனை பால்சோறும் தயிர்ச்சோறும் தின்றே பத்து வருடம் இருந்ததே என்பார்கள். இருந்திருக்கும். ஆனால் அந்தப் பூனை தயிர்ச்சோற்றை நம்பி வாழவில்லை. திருமங்கலத்துப் பக்கமோ மேலூர்ப் பக்கமோ ஓட்டு வீட்டில், நெல் மூட்டைகளுக்கு இடையிலும் வைக்கோல்போரிலும் எலியும் ஓணானும் குருவியும் பிடித்துத் தன் உணவைத் தானே நிறைவு செய்துகொண்டது. ஆச்சி வைத்த சோறு அதற்குக் கொறிக்கும் பண்டம். இன்று மூன்றாவது மாடியில் பூட்டிய வீட்டுக்குள் இருக்கும் பூனைக்கு நீங்கள் வைக்கும் தட்டைத் தவிர உலகத்தில் வேறு உணவே இல்லை. அந்தத் தட்டில் எது இல்லையோ அது அதன் உடலிலும் இல்லை.

டாரின் என்ற பெயரைப் பூனை வளர்ப்பவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். இது ஓர் அமினோ அமிலம். நாம் இதைப் போதுமான அளவு உடலிலேயே தயாரித்துக்கொள்கிறோம். பூனையால் அது முடியாது. பித்தநீரின் வழியே தினமும் அதை இழந்துகொண்டும் இருக்கும். டாரின் குறைந்தால் விழித்திரை சிதையும் என்பது 1975இலேயே தெரியவந்தது. 1987இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியன் என்ற மருத்துவரும் உடனிருந்தோரும், பூனைகளின் இதயம் பலூனாக வீங்கித் தளரும் நோய்க்கும் டாரின் குறைபாடே காரணம் என்றும், டாரின் கொடுத்தால் அது மீள்கிறது என்றும் காட்டினார்கள். அன்றைக்கு விற்பனையில் இருந்த பாக்கெட் உணவுகளைத் தின்ற பூனைகளுக்கே அந்நோய் வந்தது என்பதை மறக்கக் கூடாது. நிறுவனங்கள் டாரின் அளவை உயர்த்திய பிறகுதான் அந்த வகை இதயநோய் வெகுவாகக் குறைந்தது. கண்பார்வை போனால் திரும்பாது. இதயம் பெரும்பாலும் காலத்தோடு கவனித்தால் திரும்பும். இரண்டுமே பல மாதங்கள் வெளியே தெரியாமல் நடப்பவை. நெஞ்சுக்கறியில் டாரின் மிகக் குறைவு. தொடைக்கறியில் அதைவிடப் பல மடங்கு அதிகம். இதயத்திலும் நிறைய உண்டு. வேகவைக்கும்போது இது தண்ணீரில் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரை வாஷ்பேசினில் கொட்டிவிட்டுச் சக்கையைப் பூனைக்கு வைப்பவர்களை என்ன சொல்வதென்று தெரியவில்லை.

சைவக் குடும்பத்தினரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு வழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பூனைக்கு அந்த வழக்கத்தைப் பின்பற்றும் உடலமைப்பு இல்லை. காரட்டில் இருக்கும் பொருளை அதனால் வைட்டமின் ஏ ஆக மாற்ற முடியாது. வெயிலில் படுத்தாலும் வைட்டமின் டி உருவாகாது. இரண்டும் விலங்குணவிலிருந்தே வர வேண்டும். பாலோ, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிப்பதில்லை. வயிற்றுப்போக்கோடு வருபவற்றில் பாலை நிறுத்தினாலே பாதி சரியாகிவிடுகின்றன. வீட்டில் இறைச்சி சமைக்க இயலாதென்றால், எல்லாச் சத்துகளும் சேர்ந்த, தரமான முழுமைப் பூனை உணவை வாங்கிக் கொடுங்கள். அதுவும் இயலாதென்றால், தயவுசெய்து பூனை வளர்க்காதீர்கள்.

அடுத்து, நம் ஊர்ச் சமையல். சால்னாவில் ஊறிய பரோட்டாத் துண்டையும், குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிய கறியையும் பூனைக்கு வைக்கும் வழக்கம் இங்கே சர்வசாதாரணம். கழுவினால் காரம்தான் போகும். வெங்காயத்தின் சாறு போகாது. சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள், பொடி என எந்த வடிவத்திலும் இவை பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே இரத்தத்தில் பாதிப்பை உண்டாக்கப் போதும். மூன்று கிலோ பூனைக்கு அது 15 கிராம், அதாவது இரண்டு மூன்று சின்ன வெங்காயம். கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் கெடுதல்தான். ஈறு வெளிறி, சிறுநீர் பழுப்பாகப் போகும் பூனையைக் கொண்டுவருபவர்களிடம் நான் முதலில் கேட்பது வீட்டில் நேற்று என்ன குழம்பு என்பதைத்தான்.

மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்மாய் நீர் வற்றி மீன்பிடி நடக்கும்போது மலிவாகக் கிடைக்கும் கெண்டையைப் பச்சையாகவே பூனைக்குப் போடுகிறார்கள். கெண்டை இனத்துப் பச்சை மீனில் தைமின் என்ற வைட்டமின் பி1 சத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. இதையே தொடர்ந்து தின்னும் பூனை ஒருநாள் தலையை நிமிர்த்த முடியாமல், தாடை நெஞ்சைத் தொடும்படி கவிழ்த்துக்கொண்டு தள்ளாடும்; பின்னர் வலிப்பு வரும். வேகவைத்தால் அந்த நொதி அழிந்துவிடும். வேகவைத்த மத்தியோ வேறு மீனோ வாரத்தில் ஓரிரு நாள், முள் நீக்கிக் கொடுக்கலாம். மீனையே முழு உணவாக்காதீர்கள். கருவாடு உப்புக் கட்டி, வேண்டவே வேண்டாம்.

இனி, எப்படிச் சமைப்பது? நோயில்லாத, ஒரு வயது கடந்த பூனைக்கு மட்டும் பொருந்தும் அடிப்படை இது. எலும்பு நீக்கிய கோழித் தொடைக்கறி ஒரு கிலோ. தோலை முழுவதும் நீக்க வேண்டாம், கொஞ்சம் இருக்கட்டும். அதோடு கோழி இதயம் 100 கிராம், ஈரல் 50 கிராம், முட்டை ஒன்று. ஈரலைப் பூனை விரும்புகிறதே என்று கூட்டக் கூடாது; மாதக்கணக்கில் ஈரலையே தின்ற பூனையின் கழுத்தெலும்புகள் வைட்டமின் ஏ மிகுதியால் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிடும். எண்ணெய், மசாலா, வெங்காயம், பூண்டு எதுவுமின்றிக் குறைந்த தண்ணீரில், நடுவில் சிவப்புத் தெரியாத அளவுக்கு வேகவைத்து, அந்தத் தண்ணீரோடே அரைத்தோ பிசைந்தோ கொள்ளுங்கள். முட்டை ஓட்டைக் கழுவி, கொதிக்கவைத்து, வாணலியில் ஈரம் போக வறுத்து, மிக்ஸியில் மாவாக அரைத்து வையுங்கள். இந்த அளவுக் கறிக்கு 5 முதல் 6 கிராம் ஓட்டுப் பொடி தேவை. கண்ணளவு கூடாது, சின்னத் தராசு ஒன்று வாங்குங்கள். மனிதர்களுக்கான கால்சியம் மாத்திரையை நீங்களாகப் பொடித்துப் போட வேண்டாம். அவற்றில் பலவற்றில் வைட்டமின் டி சேர்ந்திருக்கும், மிகுந்தால் அது நஞ்சு. டாரின் பொடி 2 கிராம் சேர்க்க வேண்டும். தேவைக்கு மிஞ்சியது சிறுநீரில் போய்விடும். வைட்டமின் ஈ, பி தொகுதி, துத்தநாகம், அயோடின், மாங்கனீஸ் ஆகியவை இதில் இன்னும் குறைவு. அவற்றுக்கான கலவையை உங்கள் மருத்துவர் பூனையின் எடைக்கேற்பக் கணக்கிட்டுத் தர வேண்டும். உணவு ஆறிய பிறகு கலக்க வேண்டும். நான்கு கிலோப் பூனைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிராம், மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்துக் கூட்டவோ குறைக்கவோ செய்யுங்கள்.

அந்தக் கலவை இல்லாமலேயே நடத்திவிடலாம் என்று தயவுசெய்து எண்ணாதீர்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்வு, நூல்களிலும் இணையத்திலும் கிடைத்த 114 பூனை உணவுச் செய்முறைகளை அலசியது; எல்லா ஊட்டச்சத்துகளையும் தேவையான அளவில் தரும் ஒன்றுகூட அவற்றில் இல்லை. கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அந்தப் பட்டியலில் இருந்தன. காணொளியில் பார்த்த செய்முறையை நம்பி மாதக்கணக்கில் சமைப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். குட்டிகள், சினைப் பூனைகள், சிறுநீரக நோயுள்ளவை ஆகியவற்றின் தேவையே வேறு. குட்டிக்கு ஒரு வயதுவரை குட்டிகளுக்கென்றே தயாரித்த முழுமை உணவைக் கொடுங்கள். அந்த வயதில் சோதனை செய்து பார்க்காதீர்கள்.

பச்சைக் கறிதான் இயற்கை என்று வாதிடுபவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நம் கறிக்கடைகளின் நிலைமையை அறிந்தவன் என்ற முறையில் அதை நான் ஏற்பதில்லை. 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளுக்கே பறவைக் காய்ச்சல் உறுதிப்படுத்தப்பட்டது. கோழியை நன்றாக வேகவையுங்கள். வெந்த எலும்பைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அது ஊசியாகச் சிதறிக் குடலைக் கிழிக்கும். சமைத்ததை மூன்று நாளுக்குமேல் ஃபிரிட்ஜில் வைக்காமல், மீதியை ஒரு நாள் பங்குகளாகப் பிரித்து ஃபிரீசரில் வையுங்கள். சித்திரை வெயிலில் தட்டில் மிஞ்சியதை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

உணவை மாற்றும்போது பழைய உணவோடு கலந்து, பத்து நாளில் மெதுவாக மாற்ற வேண்டும். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போடவே கூடாது. நாய்க்கு அது ஒத்துவரலாம். பூனை, அதிலும் பருத்த பூனை, இரண்டு மூன்று நாள் தின்னாவிட்டாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஒருநாள் முழுக்க வாய் வைக்கவில்லையென்றால் அன்றே அழைத்து வாருங்கள். ஆண்பூனை மணல் தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால், இரவாக இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். காய்ச்சல் என்று நினைத்துப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

வரும்போது, கடந்த இரண்டு வாரமாகப் பூனைக்குக் கொடுத்தவை அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்: எந்தக் கறி, எத்தனை கிராம், பிள்ளைகள் தட்டிலிருந்து போட்டது எது, வீட்டுப் பெரியவர்கள் ரகசியமாக வைத்த பால் எத்தனை டம்ளர் என்பது வரை. ஸ்கேனுக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் முன்னால் எனக்கு வேண்டியது அந்தத் தாள்தான்.