ஆபரேஷன் செய்தால் எல்லாமே மறந்துவிடுமா?

2024-இல் வந்த ‘குயின் ஆஃப் டியர்ஸ்’ கொரியன் சீரியலைப் பாதிக்கு மேல் ரசித்துத்தான் பார்த்தேன். கிம் ஜி-வோன் நடிப்புக்காகவே பார்க்கலாம். கதாநாயகி ஹே-இன்னுக்கு வரும் மூளைக் கட்டிக்கு ‘கிளவுட் சைட்டோமா’ என்று பெயர். அப்படியொரு நோயே கிடையாது. போகட்டும், கதைக்கு வேண்டிய நோயைக் கதாசிரியர் படைத்துக்கொள்ளலாம். எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் ஹே-இன் திகைப்பதும், வேறொருவரைக் கணவர் என்று நினைத்துக் காரில் ஏறுவதும், நரம்பியல் மருத்துவராக நான் பார்க்கும் குழப்பங்களுக்கு ஓரளவு பக்கத்தில்தான் வருகின்றன.

சறுக்கியது, ஆபரேஷனுக்காக ஹே-இன் ஜெர்மனிக்குப் போகும் இடத்தில். (முடிவு தெரிய வேண்டாம் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.) ஆபரேஷன் முடிந்து கண் விழித்தால் கணவர், காதல், பழைய வாழ்க்கை எதுவுமே நினைவில் இல்லை. பேச்சும் புத்தியும் மட்டும் அப்படியே இருக்கின்றன! வில்லன் சொல்லும் பொய்யெல்லாம் அவருக்குச் சரித்திரம். 2002-இல் ‘விண்டர் சொனாட்டா’விலும் ஒரு விபத்தில் நினைவு போய், இன்னொரு விபத்தில் திரும்பியது. 22 வருடங்கள் ஆகியும் அதே சரக்கு.

நிஜம் கிட்டத்தட்டத் தலைகீழ். புதிய நினைவுகள் பதிவதற்கு, இரண்டு பக்க நெற்றிப்பொட்டுகளுக்கும் உள்ளே ஆழத்தில் இருக்கும் ஹிப்போகாம்பஸ் வேண்டும். அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்பவருக்கு 1953-இல் வலிப்பை நிறுத்துவதற்காக இருபுறமும் அந்தப் பகுதியை எடுத்தார்கள். ஆபரேஷனுக்கு முந்தைய சில வருடங்கள் மங்கின. ஆனால் தன் பெயர், பெற்றோர், சிறுவயது எதையும் அவர் மறக்கவில்லை. புதிதாக எதுவும் பதியவில்லை, அவ்வளவுதான். வருடக்கணக்காகத் தன்னைச் சோதித்த ஆராய்ச்சியாளரிடமே ஒவ்வொரு முறையும் புதிதாக அறிமுகமானார். மற்றதெல்லாம் சரியாக இருந்து ‘நான் யார்’ என்பது மட்டும் அழிவது மிக அரிது. அதுவும் பெரும்பாலும் மன அதிர்ச்சியால் வருவது.

சீரியல்தானே என்று நானும் விட்டிருப்பேன். ஆனால் புற்றுநோய் அல்லாத, மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா கட்டியுடன் வந்த ஒரு அம்மா, “ஆபரேஷன் பண்ணா பேரன் முகமே மறந்துடுமாமே டாக்டர்?” என்று கேட்டார். அந்தப் பயத்திலேயே பல மாதங்கள் தள்ளிப்போட்டிருக்கிறார். கட்டி அதுபாட்டுக்கு வளர்ந்துகொண்டிருந்தது.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. கட்டி இருக்கும் இடத்தைப் பொறுத்துப் பேச்சு தடுமாறலாம், கை கால் பலவீனமாகலாம், புதிய விஷயங்கள் மனதில் நிற்பது குறையலாம். ரத்தக்கசிவு, கிருமித்தொற்று, வலிப்பும் உண்டு. ஆகவே சர்ஜனிடம் எம்.ஆர்.ஐ. படத்தைக் காட்டிக் கேளுங்கள்: கட்டி எந்தப் பகுதியில் இருக்கிறது, அதன் பக்கத்தில் இருக்கும் மூளைப் பகுதி என்ன வேலை செய்கிறது, விழிப்பில் வைத்துச் செய்யும் ஆபரேஷன் எனக்குத் தேவைப்படுமா?

விடிகாலைத் தலைவலியோடு வாந்தி, பெரியவர்களுக்கு முதல்முறையாக வரும் வலிப்பு, ஒருபக்கப் பலவீனம், வார்த்தை வராமல் தடுமாறுவது, ஆளின் சுபாவமே மாறுவது, இவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள். வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்க வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.