மலிவு விலை லேசர் லெவல்: கடையில் தெரியும் கோட்டை நம்புவதற்கு முன்

புதுச்சேரி வில்லியனூர் பக்கம் ஒரு வீட்டில் ஹாலுக்கு ஃபால்ஸ் சீலிங் வேலை. ஹாலின் நீளம் 24 அடி. சுவரில் மட்டமான கோட்டை வெளிச்சத்தால் போடும் லேசர் லெவலை ஒரு கோடியில் வைத்து, பக்கத்துச் சுவரிலும் எதிர்ச் சுவரிலும் குறி போட்டோம். நடுவில் சாரம் மறைத்ததால் கருவியை எதிர்க் கோடிக்கு நகர்த்தி, அங்கே போட்ட குறியோடு கோட்டைப் பொருத்தி, தொடங்கிய சுவருக்கே திரும்பி வந்தோம். குறி போட்டுக்கொண்டிருந்த பையன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பேசாமல் நின்றான். முதல் குறிக்கும் கடைசிக் குறிக்கும் இடையில் 9 மிமீ. என் சுண்டுவிரல் நகம் அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்தது.

அவசரத்தில் பையன்தான் தப்பாகக் குறித்திருப்பான் என்று நினைத்தேன், வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன். மேஸ்திரி பதில் பேசாமல் ஆணியில் மாட்டியிருந்த தண்ணீர் டியூபை எடுத்தார். ஒரு முனையை அவரும் மறுமுனையைச் சித்தாளும் பிடித்துக்கொண்டார்கள். குமிழி போகும்வரை டியூபைத் தட்டிவிட்டு, ஒரு முனையில் தண்ணீரை முதல் குறிக்குப் பொருத்தி, எதிர்ச் சுவரில் தண்ணீர் நின்ற இடத்தில் கோடு கிழித்தார். எதிர்ச் சுவரில் லேசர் போட்ட குறி அதைவிட நாலரை மிமீ மேலே இருந்தது.

"பையனை விடுங்கள் சார். உங்கள் மெஷின்தான் அண்ணாந்து பார்க்கிறது" என்றார்.

அந்த மெஷினை முந்தைய வாரம்தான் 3,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தேன். பச்சை வெளிச்சம், 16 கோடு, இரண்டு பேட்டரி, ரிமோட், பார்க்க அழகான பெட்டி. பெட்டியின்மேல் 5 மீட்டருக்கு 1 மிமீ பிழை என்று அச்சிட்டிருந்தார்கள். எங்கள் 9 மிமீயைக் கணக்குப் போட்டால் 5 மீட்டருக்கு 3 மிமீ வந்தது.

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீடு கட்டுகிறவர்கள், டைல்ஸ் போடுகிறவர்கள், எலக்ட்ரீஷியன்கள் என்று பலரும் இப்போது இதே கேள்வியைக் கேட்கிறார்கள்: இந்த 2,000, 3,000 ரூபாய் லேசரை வாங்கலாமா? வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் வாங்கிய அன்றே அதைச் சோதித்துவிட வேண்டும். சோதிக்காத லேசரைவிடப் பழைய ரசமட்டமே மேல்.

உள்ளே இருப்பது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. நம் தூக்குக்குண்டைப் போல ஓர் ஊசல் தொங்குகிறது. அது ஆடிக்கொண்டே இருக்காமல் சீக்கிரம் நிற்பதற்குக் காந்தம் உதவுகிறது. லேசர் விளக்குகள் அந்த ஊசலோடு சேர்ந்து தொங்குகின்றன. ஊசலின் எடை சமமாக நிற்கும்படி அதன் திருகைச் சரிசெய்திருந்தால் கோடு மட்டமாக இருக்கும். விலை உயர்ந்த கருவிக்கும் மலிவான கருவிக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம், அந்தத் திருகை எவ்வளவு பொறுமையாகச் சரிசெய்தார்கள், அது அப்படியே நிற்குமா என்பதில்தான் இருக்கிறது. ஒரே கடையில் ஒரே மாதிரிப் பெட்டியில் இருக்கும் இரண்டில் ஒன்று அருமையாகவும் மற்றது அண்ணாந்தும் இருக்கலாம். "இந்த மாடல் நல்லதா?" என்று கேட்பதால் பயனில்லை. உங்கள் கையில் இருக்கும் அந்த ஒன்று நல்லதா என்றுதான் பார்க்க வேண்டும்.

சோதனைக்குப் பத்து நிமிடம் போதும். 5 மீட்டர் இடைவெளியில் எதிரெதிரே இரண்டு சுவர் வேண்டும். முதல் சுவரை ஒட்டிக் கருவியை வைத்து, அந்தச் சுவரில் ஒரு குறி, எதிர்ச் சுவரில் ஒரு குறி. பிறகு கருவியை எதிர்ச் சுவரை ஒட்டி வையுங்கள். அடியில் புத்தகமோ டைல்ஸ் துண்டோ கொடுத்து, அங்கே போட்ட குறியில் கோடு விழும்படி உயரத்தைச் சரிசெய்யுங்கள். இப்போது கருவியைத் திருப்பி, அதே முகத்தால் முதல் சுவரில் மறுபடி குறியுங்கள். அங்கே இருக்கும் இரண்டு குறிகளுக்கு நடுவில் உள்ள தூரம், 10 மீட்டருக்கான பிழை. போகும்போது ஒரு பங்கு, வரும்போது ஒரு பங்கு என்று பிழை இரட்டிப்பாகித் தெரிவதால் ஒளிந்துகொள்ள முடியாது. 3 மிமீக்குள் இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். 5, 6 என்று போனால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடையில் அவ்வளவு வசதி இருக்காது. சுற்றிலும் கோடு போடும் வகை என்றால், ஒரு ஸ்டூலின்மேல் வைத்து, நாலைந்து மீட்டர் தள்ளியுள்ள சுவரில் கோடு விழும் இடத்தைக் குறித்துக்கொண்டு, வைத்த இடத்திலேயே கால் கால் சுற்றாக நான்கு முறை திருப்புங்கள். முன்பக்கம் மேலும் பின்பக்கம் கீழும் சாய்ந்த கருவி இதிலேயே மாட்டிக்கொள்ளும். நாலு பக்கமும் ஒரே அளவு தூக்கிப் போடுகிற கருவி மட்டும் தப்பிவிடும். அதைப் பிடிக்க மேலே சொன்ன இரண்டு சுவர் சோதனைதான் வேண்டும். செங்குத்துக் கோட்டுக்கு நூலில் தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டு, நூலின்மேல் கோட்டை விழச் செய்து மேலும் கீழும் பாருங்கள்.

பெட்டியில் ±3° அல்லது ±4° என்று போட்டிருப்பதைப் பிழை என்று நினைத்துப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கருவி எவ்வளவு வரை சாய்ந்திருந்தால் தானே சமாளித்துக்கொள்ளும் என்பதற்கான அளவு அது. அதைத் தாண்டினால் கோடு சிமிட்டும் அல்லது பீப் சத்தம் வரும். ஊசலைப் பூட்டும் ஸ்விட்ச் ஒன்றும் இருக்கிறது. பைக்கில் எடுத்துப் போகும்போது கட்டாயம் பூட்டுங்கள், இல்லாவிட்டால் வழியெல்லாம் ஊசல் அடிபட்டுக்கொண்டே வரும். வேலையிடத்தில் பூட்டைத் திறக்க மறந்தால் கோடு விழும், ஆனால் மட்டமாக இருக்காது. எதிரே வைத்த டேபிள் ஃபேன் காற்றிலும், ஜன்னல் போடாத வீட்டுக்குள் அடிக்கும் கடல் காற்றிலும் கோடு நடுங்கும். பிழை என்று திட்டுவதற்கு முன் ஃபேனை நிறுத்திப் பாருங்கள்.

பச்சைக் கோடு சிவப்பைவிட நம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்பது உண்மை. அதனால் அளவு துல்லியமாகிவிடாது, பேட்டரிதான் சீக்கிரம் தீரும். "அவுட்டோர் மோட்" என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் வெயிலில் கோடு தெரியும் என்று நினைத்து மொட்டை மாடியில் வைத்துப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு. கோட்டை உணரும் டிடெக்டர் என்ற, தனியாக விற்கும் கருவி பிடித்துக்கொள்வதற்காக வெளிச்சத்தைத் துடிக்க வைக்கும் பட்டன் அது. நம் கண்ணுக்குக் கோடு இன்னும் மங்கலாகத்தான் தெரியும். அதோடு, கோட்டுக்கே ஒரு தடிமன் இருக்கிறது. மலிவான கருவிகளில் தூரம் போகப் போக அது தடிக்கும். ஒருவர் கோட்டின் மேல் விளிம்பிலும் இன்னொருவர் கீழ் விளிம்பிலும் குறித்தால், இல்லாத பிழையை நாமே உண்டாக்குவோம்.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். லேபிளில் கிளாஸ் 2 என்று இருந்தால் வெளிச்சத்தின் சக்தி 1 மில்லிவாட்டுக்குள் இருக்கும். தற்செயலாகப் பட்டால் இமை மூடிக் காத்துவிடும். கிளாஸ் 3ஆர் என்றால் 5 மில்லிவாட் வரை போகலாம். லேபிளே இல்லாத கருவியை நான் வாங்குவதில்லை. கூடவே கொடுக்கும் பச்சை, சிவப்புக் கண்ணாடிகள் கோட்டை எடுப்பாகக் காட்டத்தான், கண்ணைக் காக்க அல்ல.

என்னைக் கேட்டால் 16 கோட்டைவிட, ஒரு படுக்கைக் கோடும் ஒரு செங்குத்துக் கோடும் உள்ள சின்னக் கருவியே நல்லது. அதே பணத்துக்குக் கெட்டுப்போக உள்ளே குறைவான பொருள்தான் இருக்கும். ஸ்விட்ச் பாக்ஸ்களை வரிசைப்படுத்த, கிச்சன் கேபினெட் மாட்ட, பாத்ரூம் சுவர் டைல்ஸுக்கு முதல் வரிசை பிடிக்க அது போதும். அறைக்கு அறை தரைமட்டம் கொண்டுபோக, அஸ்திவாரத்தின் மேல் வரும் பிளின்த் பீமுக்கு, மாடித் தளத்தின் வாட்டத்துக்கு அதை நம்பாதீர்கள். மாடியில் 100க்கு 1 என்று வாட்டம் கொடுத்தாலும் 10 அடிக்கு ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல்தான் இறக்கம். அதில் குளறுபடி நடந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் மாடியே சொல்லிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பிறகு, தண்ணீர் வடியாத மாடிகளைப் பார்க்க என்னைப் பல வீடுகளுக்குக் கூப்பிட்டார்கள். அந்த வேலைக்கு, முக்காலியில் வைத்துத் தொலைநோக்கி வழியாகப் பார்க்கும் ஆட்டோ லெவலை வாடகைக்கு எடுங்கள், அல்லது டியூபைப் பிடியுங்கள்.

புதுச்சேரியின் பழைய சுண்ணாம்புச் சுவர் வீடுகளில் வேறொரு சங்கடம். லேசரைப் போட்டதும் உத்தரம், வாசல் நிலை, ஜன்னல் எல்லாமே கோணலாகத் தெரியும். அங்கே லேசர் கோட்டின்படி டைல்ஸ் பட்டி ஒட்டினால், சாய்ந்த வாசல் நிலைக்குப் பக்கத்தில் பட்டிதான் சாய்ந்ததுபோல் தோன்றும். அங்கே கோட்டைப் பார்த்துவிட்டு, கண் சொல்வதைக் கேட்டு ஒட்டச் சொல்கிறேன்.

வில்லியனூர் லேசரைக் கடையில் மாற்றித் தரவில்லை. வாங்கி எட்டு நாள் ஆகிவிட்டது என்றார்கள். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அதன் முதுகில் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, "5 மீட்டருக்கு 3 மிமீ மேலே" என்று மேஸ்திரி எழுதிவைத்திருக்கிறார். 10 அடி அறைகளுக்கு மட்டும் எடுத்துப் போகிறோம்.