டொர்னேடோ வந்தால் குளியலறைக்குள் ஓடுவது ஏன்?

அமெரிக்காவின் ஓக்லஹோமா, கான்சஸ் பகுதிகளில் டொர்னேடோ என்னும் கடுமையான சுழல்காற்று புகுந்து போன தெருக்களின் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கூரை இருக்காது, வெளிச்சுவர் இருக்காது. நடுவில் ஒரு சின்னக் குளியலறை மட்டும் நிற்கும். மரச்சட்ட வீடு எந்த வரிசையில் உடைகிறது என்று தெரிந்தால் இதற்குக் காரணம் விளங்கும்.

முதலில் போவது பெரும்பாலும் காற்றைப் பார்த்த ஜன்னல், இல்லையென்றால் கார் நிறுத்தும் அறையின் அகலமான கதவு. அந்த வழியே உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து முட்டித் தள்ளும். கூரைக்கு மேலே பாயும் காற்றோ அதை மேலே இழுக்கும். வெறும் ஆணியடித்துப் பொருத்திய கூரை பிய்ந்துகொண்டு போய்விடும். மேலே பிடிமானம் போனதும் நீண்ட வெளிச்சுவர்கள் சாய்கின்றன. காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். அழுத்தம் சமமாகட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைப்பது, காற்றுக்கு நாமே வழி விடுவதுதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சிறிய உள்ளறையின் கதை வேறு. நெருங்கி நிற்கும் நாலு சுவரும் ஒன்றையொன்று தாங்கும். அதைவிட முக்கியம், பறந்து வரும் பொருளுக்கும் நமக்கும் இடையே இன்னும் சில சுவர்கள் இருக்கும். ஆட்களைக் கொல்வது பெரும்பாலும் அந்தப் பொருள்கள்தான். டெக்சஸ் டெக் பல்கலைக்கழகத்தில் 6.8 கிலோ மரச்சட்டத்தைக் காற்றுப் பீரங்கியில் வைத்து, மணிக்கு 160 கி.மீ. வேகத்தில் சுவர்மேல் எறிந்து பார்க்கிறார்கள். சாதாரண வீட்டுச் சுவரை அது துளைத்துவிடும். டொர்னேடோவைத் தாங்கவென்றே பலமாகக் கட்டும் காப்பறையின் சுவர் அந்த அடியைத் தாங்கியாக வேண்டும். நிலவறையோ காப்பறையோ இருந்தால் அங்கேதான் போக வேண்டும். இரண்டும் இல்லாதவர்களுக்குத்தான் தரைத்தளத்து உள்ளறை.

2011 மே 22 அன்று மிசௌரி மாநிலத்தின் ஜாப்லின் நகரில் டொர்னேடோ தாக்கி 150-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அபாயச் சங்கு முன்கூட்டியே ஒலித்திருந்தது. ஆனால் பலர் இன்னொரு தகவல் வரட்டும் என்று காத்திருந்ததாகப் பின்னர் நடந்த ஆய்வு சொன்னது. அந்தச் சங்கு வெளியில் இருப்பவர்களுக்கானது. வீட்டுக்குள் இருப்பவரை, அதுவும் தூங்குபவரை எழுப்ப, எச்சரிக்கை வந்ததும் தானே ஒலிக்கும், பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ வேண்டும்.

ஒளிந்துகொள்ளும் அறையில் ஆளுக்கொரு ஹெல்மெட்டும் கெட்டியான செருப்போ ஷூவோ முன்பே வைத்துவிடுங்கள். சைக்கிள் ஹெல்மெட்டே போதும். தலைக்காயம்தான் பெரிய ஆபத்து. காற்று போன பிறகு ஆணியும் கண்ணாடியும் கிடக்கும் தரையில்தான் நடந்து வெளியே வர வேண்டும்.

மொபைல் ஹோமில், அதாவது வேறிடத்தில் செய்து கொண்டுவந்து வைக்கும் லேசான வீட்டில், வசிப்பவர்களுக்கு மட்டும் இந்த உள்ளறை யோசனை உதவாது. வீடே புரண்டுவிடும். டொர்னேடோ வரக்கூடும் என்று சில மணி நேரம் முன்னதாக வரும் கண்காணிப்பு அறிவிப்பைக் கேட்டதுமே உறுதியான கட்டடத்துக்குக் கிளம்பிவிட வேண்டும்.